மஞ்சளும் மறதியும்: குழம்புச் சட்டி மூளையைக் காக்குமா?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் எல்லாருக்கும் இந்தச் செய்தி ஒரு முறையாவது வந்திருக்கும். "தினமும் மஞ்சள் சேர்த்துக்கொள்ளுங்கள், மறதி நோய் எட்டிப் பார்க்காது. சிங்கப்பூர் விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்!" கீழே கைகூப்பிய படம் ஒன்று. பத்துப் பேருக்காவது அனுப்பும்படி ஒரு வேண்டுகோள்.

இப்படி வரும் செய்திகளில் பாதி, காற்றில் விட்ட கதை. இதில் மட்டும் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது.

2006ஆம் ஆண்டு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இங் ட்ஸே பின் தலைமையிலான ஆய்வுக் குழு ஓர் அறிக்கையை வெளியிட்டது. மறதி நோய் இல்லாத, 60 முதல் 93 வயது வரையிலான 1,010 மூத்தோரிடம் குழுவினர் கேட்டது எளிமையான கேள்விதான்: எவ்வளவு அடிக்கடி கறி சாப்பிடுவீர்கள்? அவர்களுக்கு 30 மதிப்பெண்ணுக்கான ஒரு நினைவாற்றல் சோதனையும் நடத்தப்பட்டது. இன்று என்ன தேதி, இந்த மூன்று சொற்களைத் திரும்பச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்பது போன்ற சோதனை அது. கறியை அறவே தொடாதவர்களையும் அரிதாகச் சாப்பிட்டவர்களையும் விட, எப்போதாவது சாப்பிட்டவர்களும் அடிக்கடி சாப்பிட்டவர்களும் கூடுதல் மதிப்பெண் எடுத்திருந்தார்கள். வயது, படிப்பு, உடல்நலம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

நம் ஊரில் நடந்த ஆய்வு. நம் வீட்டுச் சாப்பாடு. பெருமைப்பட இடமுண்டு. ஆனால், அந்த ஆய்வில் யாரும் மஞ்சளை அளந்து பார்க்கவில்லை. கறி சாப்பிடுகிறவர்கள் நன்றாக இருந்தார்கள் என்பது ஒன்று. கறி சாப்பிட்டதால்தான் நன்றாக இருந்தார்கள் என்பது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் மாத்திரைப் புட்டிகள் விற்பனையாகின்றன.

அப்படிப்பட்ட புட்டி ஒன்று எங்கள் குடும்பத்துக்குள்ளும் வந்தது.

78 வெள்ளிப் புட்டி

பெரியம்மாவுக்கு 72 வயது. ஈசூனில் வீவக வீட்டில் பெரியப்பாவுடன் இருக்கிறார். கடந்த ஆண்டு தீபாவளிக்குப் பிறகு, சொன்னதையே திரும்பச் சொல்லத் தொடங்கினார். குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டார். பேரனின் பெயரைச் சொல்லி அழைக்க, மூன்று பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது. "வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே" என்று பெரியப்பா சிரித்து மழுப்பினார். அவர் கண்ணில் சிரிப்பு இல்லை.

ஒரு சனிக்கிழமை மாலை பெரியம்மாவின் மகள், என் அக்கா, கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். மஞ்சளிலிருந்து எடுத்த சத்து, மிளகுச் சத்துடன், 60 மாத்திரை, 78 வெள்ளி. 'மூளை அழற்சியைத் தணிக்கும்' என்றும் 'உடல் ஈர்ப்பது 2,000 விழுக்காடு அதிகம்' என்றும் புட்டியில் போட்டிருந்தது. உடனே அழைப்பும் வந்தது.

"நீதானே ரேடியோவுல டாக்டருங்ககூட எல்லாம் பேசுற? சொல்லு, அம்மாவுக்கு இதக் கொடுக்கலாமா, வேணாமா? காலையிலேர்ந்தே ஆரம்பிச்சிடலாம்னு பார்க்குறேன்."

"அக்கா, புட்டியைத் திறக்காதீங்க. ரெண்டு நாள் கொடுங்க, படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன்.

நான் மருத்துவர் அல்லள். ஊடகம் படித்த வானொலிப் படைப்பாளர். ஒரு தலைப்பைப் பத்து நிமிடத்தில் நேயருக்கு விளங்க வைப்பது என் தொழில். அதற்கு முதலில் எனக்கு அது விளங்க வேண்டும். அந்த இரண்டு நாள் படிப்பு பிறகு பல வாரங்களாக நீண்டது. அதில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே பகிர்கிறேன்.

மூளைக்குள் ஒரு துப்புரவுப் படை

கையில் கத்தி பட்டால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறது. அதுதான் அழற்சி. கிருமியை விரட்டிக் காயத்தை ஆற்ற உடல் செய்யும் வேலை அது. வேலை முடிந்ததும் வீக்கம் வற்றிவிட வேண்டும்.

மூளையிலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே காவலாளியாகவும் துப்புரவாளராகவும் இருப்பவை மைக்ரோகிளியா எனும் உயிரணுக்கள். மூளையிலுள்ள உயிரணுக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இந்த வகை. ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஓர்டேகா 1919இல் இவற்றைத் தனி வகையாக அடையாளம் கண்டார். மரக்கிளை போன்ற மெல்லிய கைகளை நீட்டி, இவை தம்மைச் சுற்றியுள்ள இடத்தைத் தடவிப் பார்த்தபடியே இருக்கும். இறந்த உயிரணு, கிருமி, கசடு என எது கிடைத்தாலும் விழுங்கிவிடும்.

கசடு தொடர்ந்து குவியும்போதுதான் சிக்கல். ஆல்ஸைமர் நோயில் அமிலாய்ட் எனும் புரதம் திட்டுத் திட்டாகப் படிகிறது. அதைச் சுத்தம் செய்யப் போன மைக்ரோகிளியா, வேலை முடியாமல் எந்நேரமும் விழிப்பு நிலையிலேயே நின்றுவிடுகின்றன. எச்சரிக்கை மணியை நிறுத்த மறந்த கட்டடம் போல, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. நாளடைவில், காக்க வேண்டிய நரம்பணுக்களும் அவற்றுக்கு இடையிலான இணைப்புகளும் சேதமடைகின்றன. மைக்ரோகிளியாவின் வேலையோடு தொடர்புடைய ட்ரெம்-2 எனும் மரபணுவில் ஏற்படும் சில மாற்றங்கள் ஆல்ஸைமர் அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2013இல் தெரியவந்தது. மூளை அழற்சி ஓரத்துக் கதை இல்லை, நோயின் மையத்துக்கே நெருக்கமானது என்ற எண்ணம் அதன்பிறகு வலுப்பெற்றது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூளை தனித் தீவு அல்ல. கட்டுக்கடங்காத நீரிழிவு, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, ஈறு நோய் போன்றவற்றால் உடலில் நீறுபூத்த நெருப்பாக இருக்கும் அழற்சி, ரத்தத்தின் வழியே மூளைக்கும் சேதி அனுப்புகிறது. இதைப் படித்தபோது, பெரியம்மாவின் நீரிழிவு மாத்திரைப் பெட்டிதான் என் கண்முன் வந்தது.

மஞ்சளின் மஞ்சள்

மஞ்சளுக்கு அந்த நிறத்தைக் கொடுக்கும் பொருளின் பெயர் குர்குமின். 1815இலேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். அதன் வேதி அமைப்பு 1910இல் கண்டறியப்பட்டது. ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் உயிரணுக்களை வைத்து அதன்மேல் குர்குமினைச் சேர்த்தால், இரண்டு வேலைகள் நடக்கின்றன. அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை முடுக்கிவிடும் 'என்எஃப் கப்பா-பி' எனும் சுவிட்சை அது தணிக்கிறது. உயிரணுவின் சொந்தப் பாதுகாப்பு வேலைகளை எழுப்பும் 'என்ஆர்எஃப்-2' எனும் இன்னொரு சுவிட்சைத் தூண்டுகிறது.

எலிகளிலும் நல்ல செய்திதான். லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், ஆல்ஸைமர் போன்ற பாதிப்பு வரும்படி மரபணு மாற்றிய எலிகளுக்குக் குறைந்த அளவு குர்குமினை உணவில் கலந்து கொடுத்தார்கள். மூளையில் அழற்சியும் குறைந்தது, அமிலாய்ட் படிவும் குறைந்தது. அந்த அறிக்கை 2001இல் வந்தது. அன்றிலிருந்து மஞ்சளின் புகழ் இறங்கவே இல்லை.

எலிக்கு நன்மை செய்தது பெரியம்மாவுக்கும் செய்யுமா? அந்தப் பாதையில் மூன்று கதவுகள் இருக்கின்றன.

22 தேக்கரண்டிக் கணக்கு

முதல் கதவு, அளவு. நாம் சமையலில் போடும் மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்றால், அதில் குர்குமின் 90 மில்லிகிராம். நான்கு பேருக்கான மீன் கறிக்கு ஒரு தேக்கரண்டி போட்டால், ஒருவர் தட்டுக்கு 20 மில்லிகிராமுக்குச் சற்று மேல் வரும். மருத்துவ ஆய்வுகளில் நாளுக்கு 1,000 முதல் 4,000 மில்லிகிராம் வரை கொடுத்திருக்கிறார்கள். 2,000 மில்லிகிராம் வேண்டுமென்றால் நாளுக்கு 22 தேக்கரண்டி மஞ்சள்தூள் தேவை. எந்த மாமியாரும் அப்படிக் குழம்பு வைக்க விடமாட்டார்.

இரண்டாவது கதவு, குடலும் கல்லீரலும். குர்குமின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். குடல் அதைச் சரியாக ஈர்ப்பதில்லை. ஈர்த்த கொஞ்சத்தையும் கல்லீரல் விரைவாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. மூன்றாவது கதவு, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்புச் சுவர். ரத்தத்திலேயே மிகக் குறைவாக இருக்கும் பொருளில் எவ்வளவு அந்தச் சுவரைத் தாண்டும்?

இரண்டாவது கதவுக்கான சாவியாகத்தான் மிளகு வந்தது. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது, மனிதர்களின் உடல் ஈர்த்துக்கொண்ட அளவு 2,000 விழுக்காடு கூடியது. பைப்பரின் என்பது மிளகின் காரத்துக்குக் காரணமான பொருள். அக்காவின் புட்டியில் இருந்த 2,000 விழுக்காடு இங்கிருந்து வந்ததுதான். பொய் இல்லை. ஆனால், ஏறத்தாழ ஒன்றுமில்லாததை இருபது மடங்கு ஆக்கினால் கிடைப்பது அப்போதும் சொற்பம்தான்.

மனிதர்களிடம் என்ன நடந்தது?

ஆல்ஸைமர் நோயாளிகளுக்குக் குர்குமின் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் இரண்டைச் சொல்கிறேன். ஹாங்காங்கில் 34 பேருக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். 2008இல் முடிவு வந்தது. அமெரிக்காவில் 36 பேருக்கு 24 வாரம் கொடுத்தார்கள்; 2012இல் முடிவு வந்தது. இரண்டிலுமே மருந்தில்லா மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களின் நினைவாற்றல் மேம்படவில்லை. அமெரிக்க ஆய்வில் ரத்தத்தில் குர்குமின் மிகக் குறைவாகவே இருந்தது.

மறுபக்கம், 2018இல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஒரு நம்பிக்கைக் கீற்று வந்தது. மறதி நோய் இல்லாத, 51 முதல் 84 வயதுக்குட்பட்ட 40 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர், உடல் எளிதில் ஈர்க்கும்படி தயாரித்த குர்குமினை நாளுக்கு இரண்டு முறை 90 மில்லிகிராம் வீதம் 18 மாதம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் நினைவாற்றலும் கவனமும் மேம்பட்டன. மூளைப் படங்களிலும் சில பகுதிகளில் மாற்றம் தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் மொத்தமே 40 பேர். ஒரு பேருந்தின் கீழ்த்தளத்தில் ஏற்றிவிடக்கூடிய எண்ணிக்கை. அதை வைத்து ஊருக்கே மருந்து எழுத முடியாது.

குர்குமின் குறித்த ஆய்வுகளை அலசிய வேதியியலாளர்கள் 2017இல் கடுமையாகவே எழுதினார்கள். ஆய்வுக்கூடச் சோதனைகளில் பலவற்றுக்கும் குர்குமின் வேலை செய்வது போன்ற போலித் தோற்றத்தைக் கொடுக்கக்கூடிய பொருள் என்பது அவர்களின் வாதம். சோதனைக் கருவியே ஏமாறுகிறது என்றால், தட்டில் கிடைத்த வெற்றியை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

'இயற்கைதானே' என்ற வார்த்தை

"பலன் இல்லாட்டியும் பாதகம் இல்லையே, மஞ்சள்தானே?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. பதில்தான் எனக்குக் கவலை தந்தது.

குழம்பில் போடும் மஞ்சளும் புட்டியில் அடைத்த மஞ்சளும் ஒன்றல்ல. கல்லீரல் பாதிப்புகளைக் கண்காணிக்கும் அமெரிக்க மருத்துவக் கட்டமைப்பு ஒன்று, மஞ்சள் மாத்திரைகளால் ஏற்பட்ட பத்துச் சம்பவங்களை 2022இல் விவரித்தது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர் கல்லீரல் செயலிழந்து உயிரிழந்தார். பத்தில் ஏழு பேருக்கு ஒரே வகை மரபணுக்கூறு இருந்தது. அது தமக்கு இருக்கிறதா என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. 2023இல் ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் மஞ்சள், குர்குமின் மாத்திரைகளால் அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்படலாம் என எச்சரித்தது.

மிளகுச் சத்தின் இன்னொரு முகமும் உண்டு. கல்லீரல் குர்குமினை வெளியேற்றுவதைப் பைப்பரின் தாமதப்படுத்துகிறது. அதனால்தான் குர்குமின் ரத்தத்தில் தங்குகிறது. ஆனால் கல்லீரலில் அது கைவைக்கும் அந்தக் கதவு வழியாகத்தான் வேறு பல மருந்துகளும் வெளியேறுகின்றன. அவையும் கூடுதலாகத் தங்கிவிடலாம்.

பெரியம்மாவுக்கு இதயத் துடிப்புச் சீராக இல்லாததால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். நியூசிலாந்தில் அப்படிப்பட்ட மாத்திரையான வார்ஃபரின் எடுத்துவந்த ஒருவர் மஞ்சள் மாத்திரையையும் சேர்த்துக்கொண்டதால், ரத்தம் உறையும் தன்மை ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோனது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் இது குறித்து எச்சரித்தது. இதைப் படித்தபோது இரவு பதினொரு மணி. அப்போதே அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: "புட்டி வேண்டாம். திங்கட்கிழமை பெரியம்மாவை பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவோம். புட்டியையும் எடுத்துக்கொண்டு வாங்க."

தேநீர், காளான், வல்லாரை

மஞ்சள் ஒன்றுதான் தாவரம் என்றில்லை. நம் ஊரிலேயே நடந்த இன்னும் இரண்டு ஆய்வுகள் கவனத்துக்குரியவை.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஃபெங் லெய் குழு, 55 வயதைத் தாண்டிய 957 சீன மூத்தோரைப் பின்தொடர்ந்தது. தொடர்ந்து தேநீர் அருந்தியவர்களுக்கு அறிவாற்றல் குறையும் அபாயம் பாதியளவு குறைவாக இருந்தது. பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை, ஊலோங் எதுவானாலும் சரி, இலையை ஊறவைத்துக் குடித்ததுதான் கணக்கு. அதே குழு 2019இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், வாரம் 300 கிராமுக்கு மேல் சமைத்த காளான் சாப்பிட்டவர்களுக்கு லேசான அறிவாற்றல் குறைபாடு வரும் வாய்ப்பு பாதியளவு குறைவாக இருந்தது. காளான் தாவரம் அல்ல, பூஞ்சை. அதிலுள்ள எர்கோதியோனின் எனும் பொருளை நம் உடலால் தயாரிக்க முடியாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும்.

வல்லாரையை எடுத்துக்கொள்வோம். தேர்வுக் காலத்தில் வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுக்காத பாட்டி உண்டா? மலாய்க்காரர்கள் இதையே பெகாகா என்று பச்சையாகச் சாப்பிடுவார்கள். இதிலுள்ள ஆசியாடிகோசைட் போன்ற பொருள்கள் ஆய்வுக்கூடத்தில் அழற்சியைத் தணிக்கின்றன. ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்தபோது, நினைவாற்றல் கூடியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. சுறுசுறுப்பும் மனநிலையும் சற்று மேம்படலாம் என்றுதான் சொல்ல முடிந்தது. முருங்கைக்கீரையிலும் முட்டைக்கோஸ் குடும்பத்திலும் உள்ள கந்தகப் பொருள்கள் அதே என்ஆர்எஃப்-2 சுவிட்சைத் தூண்டுபவை. அங்கும் கதை அதேதான்: ஆய்வுக்கூடத்தில் வலு, மனிதச் சான்றில் மெலிவு.

எனக்கு அதிகம் புரியவைத்தது 2023இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. 3,562 மூத்தோருக்குக் கொக்கோவிலிருந்து எடுத்த ஃபிளவனால் அல்லது வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. தேநீர், ஆப்பிள், பெர்ரிப் பழங்களில் இருக்கும் அதே வகைப் பொருள்தான் ஃபிளவனால். எல்லாருக்கும் பலன் கிடைக்கவில்லை. உணவில் ஏற்கெனவே ஃபிளவனால் மிகக் குறைவாக இருந்தவர்களுக்குத்தான் நினைவாற்றல் மேம்பட்டது. குடம் குறைந்திருந்தால் நிரப்பலாம். நிரம்பிய குடத்தில் ஊற்றினால் வழிந்துதான் போகும்.

காய்கறி, கீரை, பெர்ரி, கொட்டை வகைகளை மையமாகக் கொண்ட 'மைண்ட்' உணவுமுறையும் அதே ஆண்டு சோதிக்கப்பட்டது. 604 பேர், மூன்று ஆண்டு. அந்த உணவைச் சாப்பிட்டவர்களும் வழக்கமான உணவைச் சற்றுக் குறைத்துச் சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறினார்கள். ஆகவே, ஒரே ஒரு கீரை, ஒரே ஒரு பொடி, ஒரே ஒரு பட்டியல் என்று யாராவது சத்தியம் செய்தால், சற்றுத் தள்ளி நின்று கேட்பது நல்லது.

மருந்தகத்தில்

திங்கட்கிழமை மருத்துவர் புட்டியை வாங்கிப் பார்த்தார். பெரியம்மாவின் மருந்துப் பட்டியலையும் பார்த்தார். "இந்த மாத்திரையோடு இதைச் சேர்க்க வேண்டாம்" என்று நேராகச் சொன்னார். பிறகு எங்களில் யாரும் எதிர்பார்க்காத கேள்விகளைக் கேட்டார். இரவில் தூங்குகிறீர்களா? காது சரியாகக் கேட்கிறதா? மனசு கனமாக இருக்கிறதா? ரத்தத்தில் தைராய்டும் வைட்டமின் பி12உம் பார்க்கச் சொன்னார்.

பி12 மிகக் குறைவாக இருந்தது. நீரிழிவுக்காகப் பல ஆண்டுகளாக எடுத்துவரும் மெட்ஃபோர்மின் மாத்திரை, பி12 ஈர்க்கப்படுவதைக் குறைக்கக்கூடியது. அதோடு பெரியம்மா வாரத்தில் நான்கு நாள் சைவம். இடது காதில் கேட்கும் திறனும் குறைந்திருந்தது. வானொலியை அவர் சத்தமாக வைத்துக் கேட்பது என்மேல் உள்ள பாசத்தால் என்று இவ்வளவு நாளும் எல்லாரும் நினைத்திருந்தோம்.

பி12 ஊசி போட்டார்கள், காது கேட்கும் கருவி பொருத்தினார்கள். நினைவாற்றல் சிகிச்சைப் பிரிவுக்கும் அனுப்பினார்கள். அங்கே லேசான அறிவாற்றல் குறைபாடு என்று சொல்லியிருக்கிறார்கள். சிலருக்கு அது அப்படியே நிற்கும், சிலருக்கு மறதி நோயாக வளரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். பெரியம்மா இப்போது முன்பைவிடத் தெளிவாகப் பேசுகிறார். பேரப்பிள்ளைகளின் பெயர்கள் இன்னமும் சில நேரம் குழம்பத்தான் செய்கின்றன. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அது உண்மையாக இருக்காது. ஆனால், அந்தப் புட்டியை நம்பி ஆறு மாதம் காத்திருந்தால், குறைந்த பி12 குறைந்தபடியே இருந்திருக்கும்.

"மஞ்சளே சாப்பிடக் கூடாதா?" என்று பெரியம்மா என்னைக் கேட்டார்.

"குழம்புல போடுங்க, பெரியம்மா. மாத்திரையாத்தான் வேணாம்."

"அதானே! மஞ்சள் போடாத குழம்ப நான் என்னைக்குடி வெச்சேன்?"

வீட்டில் செய்யக்கூடியவை

• மஞ்சளை எண்ணெயில் தாளித்து, மிளகு சேர்த்துச் சமைக்கும் நம் வழக்கம் நல்ல வழக்கம்தான். மஞ்சள் பால், ரசம், மீன் கறி எல்லாம் உணவாகவே இருக்கட்டும்.

• மஞ்சள்தூளை நம்பகமான கடையில் வாங்குங்கள். பளிச்சென்ற நிறத்துக்காக ஈயம் கலந்த சாயத்தை மஞ்சளில் சேர்க்கும் வழக்கம் பங்ளாதேஷில் இருந்ததை 2019இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். பிறகு அந்நாடு கடும் நடவடிக்கை எடுத்து அதை ஒடுக்கியது. ஈயம் மூளைக்கு நஞ்சு. முழு மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொள்வது பாதுகாப்பான வழி.

• சர்க்கரையும் கெட்டிப்பாலும் சேர்க்காத தேநீர், வாரம் இரண்டு நாள் காளான், தினம் ஒரு கீரை. பரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்ளும் கறிக்குழம்பை மூளை மருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

• எந்தச் சத்து மாத்திரை தொடங்கும் முன்னும், மற்ற மருந்துகளின் பட்டியலோடு மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும், கல்லீரல் அல்லது பித்தப்பைக் கோளாறு உள்ளவர்களும் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். மாத்திரை சாப்பிடும்போது கண்ணில் மஞ்சள் பூத்தாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

• மறதி அன்றாட வேலையைத் தொந்தரவு செய்தால், 'வயசு' என்று தள்ளிப்போடாதீர்கள். பி12, தைராய்டு, மனச்சோர்வு, காது கேளாமை ஆகியவை சிகிச்சை அளிக்கக்கூடியவை.

பட்டியலில் மஞ்சள் இல்லை

மனநலக் கழகம் நடத்திய ஆய்வின்படி, 2023இல் சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கிறது. பத்து ஆண்டுக்கு முன்பு அது 10 விழுக்காடு. விகிதம் சற்று இறங்கியிருக்கிறது. ஆனால் மூத்தோரின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதால், பராமரிக்க வேண்டிய குடும்பங்களின் எண்ணிக்கை குறையப் போவதில்லை.

2024இல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோயின் அபாயத்தைக் கூட்டும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. கல்விக் குறைவு, காது கேளாமை, கெட்ட கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, உடல் பருமன், புகைபிடித்தல், மிதமிஞ்சிய மது, உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, தலைக்காயம், பார்வைக் குறைபாடு, காற்று மாசு. இவற்றை எல்லாம் சரிசெய்தால் உலகின் மறதி நோயாளிகளில் 45 விழுக்காட்டினருக்கு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது குழுவின் கணிப்பு. அந்தப் பட்டியலில் மஞ்சள் இல்லை. ஆனால் அதிலுள்ள பலவும் மூளை அழற்சியோடு தொடர்புடையவை. தாவரப் பொருள்கள் தொட முயலும் அதே சுவிட்சுகளை, ரத்த அழுத்த மாத்திரையும் மாலை நடையும் வேறு வழியில் தொடுகின்றன.

ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயதுக்குட்பட்ட 1,260 பேரிடம் இரண்டு ஆண்டு நடத்தி, 2015இல் வெளியான 'ஃபிங்கர்' ஆய்வு இதைத்தான் காட்டியது. உணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தம், சர்க்கரைக் கண்காணிப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தவர்களின் அறிவாற்றல் மற்றவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டது. அதே பாணியில் 'சிங்கர்' என்ற பெயரில் இங்கும் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது.

அக்கா அந்த 78 வெள்ளிப் புட்டியைத் திறக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கிடைத்த பணத்தில் பெரியம்மாவுக்கு ஒரு ஜோடி நடைக் காலணி வாங்கினார். செவ்வாயும் வியாழனும் பெரியம்மாவும் பெரியப்பாவும் புளோக்குக்குக் கீழே நடக்கிறார்கள். பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக்கும் எதிர்வீட்டுச் சீனப் பாட்டிக்கும் அவர்களோடு நடப்பது பழகிவிட்டது. நடந்து முடித்ததும் நால்வரும் காப்பிக்கடையில் சர்க்கரை போடாத தே-ஓ குடிக்கிறார்கள். ஆய்வாளர்கள் பார்த்தால் எந்தப் பெட்டியில் குறிப்பார்களோ தெரியாது: உடற்பயிற்சி, தேநீர், தனிமைக்கு மருந்து, மூன்றுமே அதில் இருக்கின்றன.